கப்பி மீன் தன் குட்டிகளையே சாப்பிடுமா?

கேள்வி சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அப்பா கேட்டது. வீட்டில் ஒன்றரை அடித் தொட்டி. அதில் இரண்டு ஆண் கப்பி, நான்கு பெண் கப்பி. அடியில் கலர் கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. சாயங்காலம் பார்த்தபோது முப்பதுக்குக் குறையாமல் குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் நான்குதான் மிச்சம். ஒன்பது வயது மகள், "அம்மா மீனே சாப்பிட்டுடுச்சாப்பா?" என்று கேட்டு அழுதிருக்கிறாள். வாங்கின கடையில் கேட்டால், "இந்த ஜாதி அப்படித்தாங்க, வேற ஜாதி எடுத்துக்கோங்க" என்றிருக்கிறார்கள். கப்பி உண்மையிலேயே தன் குட்டியைச் சாப்பிடுமா, சாப்பிடும் என்றால் எப்படித் தடுப்பது, மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

சாப்பிடுங்க. கோப்ரா, மாஸ்கோ, ஃபுல் ரெட், ஜோடி இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் கலப்புக் கப்பி, எல்லாமே சாப்பிடும். ஜாதி மாற்றுவதில் பணம்தான் செலவாகும், பயன் இருக்காது. அப்பனும் சாப்பிடும், கூட இருக்கும் மற்ற பெண் மீன்களும் சாப்பிடும், பெற்ற தாயும் சாப்பிடும். ஆணைவிடப் பெண்தான் அதிகம் சாப்பிடும். பெண் மீன் உடம்பில் பெரியது, வாயும் பெரியது, பசியும் பெரியது.

ஏன் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கப்பியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொசுப்புழுவை ஒழிக்கத்தான். இன்றைக்கும் கிணற்றிலும் திறந்த தொட்டியிலும் அதற்காகவே விடுகிறார்கள். கொசுப்புழு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், தண்ணீரின் மேல்மட்டத்தில் இருக்கும், விட்டு விட்டுத் துடித்து நகரும். அப்போதுதான் பிறந்த கப்பிக் குட்டி? ஆறு ஏழு மில்லிமீட்டர் நீளம், பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே சுற்றும், அதுவும் விட்டு விட்டுத்தான் துள்ளும். கப்பியின் கண் எதைத் தேடிப் பழகியதோ, அதே அளவில், அதே இடத்தில், அதே அசைவோடு குட்டியும் வந்து நிற்கிறது. நாம் எதற்காக அந்த மீனை மெச்சுகிறோமோ, அதே குணம்தான் உங்கள் தொட்டியில் நேற்று ராத்திரி வேலை செய்திருக்கிறது.

எல்லா மீனும் இப்படி இல்லை. மேட்டூர்ப் பக்கம் மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே காவல் நிற்கும், யார் கிட்டே போனாலும் பாயும். ஜிலேபி மீன்களில் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும் வகைகள் உண்டு. கப்பி தன் பங்கை வேறு விதமாகச் செய்கிறது. முட்டையை வெளியே விடாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வயிற்றிலேயே சுமந்து, கண்ணும் துடுப்பும் வாலும் முழுசாக வளர்ந்த குட்டியாக வெளியே விடுகிறது. அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. வெளியே வந்த பிறகு அந்தக் குட்டி தாய்க்குத் தன் குட்டியாகத் தெரிவதில்லை.

ஒரு தடவை குட்டி போடுவதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சினை மீனுக்கு வயிற்றின் பின்பக்கம், அடித்துடுப்புக்கு முன்னால் ஒரு கருப்புத் திட்டு இருக்கும். நாள் நெருங்க நெருங்க அது அகலமாகி அடர்த்தியாகும். வெளிர் நிற மீனாக இருந்தால் அந்தத் திட்டுக்குள் குட்டிகளின் கண்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். வயிறு உருண்டையாக இருந்தது மாறி, முன்பக்கம் செங்குத்தாக இறங்கி ஒரு பெட்டி போல ஆகிவிடும். அந்தக் கட்டத்தில் மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில் நிற்கும். அப்புறம் உடம்பு ஒரு முறை நடுங்கும். சுருண்ட ஒரு சின்ன உருண்டை, வாலும் தலையும் ஒன்றையொன்று தொட்டபடி, வெளியே வந்து கீழே இறங்கும். ஒரு நொடி, இரண்டு நொடி. உருண்டை நிமிரும். நிமிர்ந்ததும் ஒரே பாய்ச்சலில் எதையாவது நோக்கி ஓடும். அந்த இரண்டு நொடியில்தான் தாய் திரும்பிப் பார்த்தால் முடிந்தது. இப்படி ஒன்றொன்றாக, சில மணி நேரம் தொடரும். முதல் தடவை போடும் இளம் மீன் பத்து பதினைந்து போடும். நன்கு வளர்ந்த மீன் முப்பது, நாற்பது, சில சமயம் அதற்கும் மேலே.

அந்தக் குட்டி எதை நோக்கி ஓடுகிறது? என்னைக் கேட்டால் முழு விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகோடியும் அதை ஒட்டிய டிரினிடாட் தீவும். அந்தத் தீவில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் 1866இல் லண்டனுக்கு இந்த மீனை அனுப்பினார், அவர் பெயரே மீனுக்கும் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1859இல், பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் வெனிசுவேலாவிலிருந்து வந்த மீனை வைத்து இதற்கு ரெட்டிகுலேட்டா என்று அறிவியல் பெயர் சூட்டியிருந்தார். சரி, ஊருக்கு வருவோம். அங்கே இவை வாழ்வது ஓடைகளில். ஓடைக்கு ஒரு கரை உண்டு. கரையோரம் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. கூழாங்கல், உதிர்ந்த இலை, தொங்கும் புல்வேர் எல்லாம் அங்கேதான். குட்டிகள் அந்த ஓரத்தில் நிற்கும், பெரிய மீன்களுக்கு அங்கே வர இடம் போதாது. ஏற்காட்டில் மழை முடிந்த மாதங்களில் ஏதாவது ஓடைப் பக்கம் குனிந்து பாருங்கள். எந்த மீனின் குஞ்சாக இருந்தாலும் விரல் அளவு ஆழத்தில், ஓரத்தில்தான் நிற்கும்.

உங்கள் தொட்டியில் கரை இல்லை. நான்கு பக்கமும் கண்ணாடி, ஆழம் எங்கும் ஒன்று. பிறந்த குட்டி பாய்ந்து போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. கோட்டைக்குள் நுழைந்தால் பெரிய மீனும் பின்னாலேயே நுழைகிறது.

1932இல் அமெரிக்காவில் பிரெடர், கோட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார்கள். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டி. ஒன்றில் 50 கப்பி. இன்னொன்றில் சினையாக இருந்த ஒரே ஒரு பெண் கப்பி. தீனி குறை வைக்கவில்லை. சில மாதம் கழித்து எண்ணினால் இரண்டு தொட்டியிலும் ஒன்பது ஒன்பது மீன். ஐம்பதாக இருந்தது ஒன்பதாகக் குறைந்திருக்கிறது, ஒன்றாக இருந்தது ஒன்பதாகப் பெருகியிருக்கிறது. பிறந்த குட்டிகளைப் பெரிய மீன்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்ததால், அந்த இடம் தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் கூட்டம் ஏறவில்லை. வயிறு நிறையத் தீனி போட்டால் குட்டியைத் தொடாது என்று பலர் சொல்வார்கள். தொடுவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பசியோடு விட்டால் ஒன்றும் மிஞ்சாது, நன்றாகப் போட்டால் சில மிஞ்சும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் அம்மாபேட்டையில் தறி ஓட்டிய ஓர் அண்ணா. தறிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி வைத்திருந்தார், சாயம் அலசப் பயன்படாமல் கிடந்த தொட்டி. ஃபில்டர் கிடையாது, மோட்டார் கிடையாது. ஆனால் எந்த நாள் போனாலும் அதில் எல்லா வயசுக் கப்பியும் இருக்கும். நேற்றுப் பிறந்தது, போன வாரம் பிறந்தது, வால் விரிய ஆரம்பித்தது. என் வீட்டில் கண்ணாடித் தொட்டி, நல்ல லைட் எல்லாம் இருந்தும் ஒன்றும் தங்கவில்லை என்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாசி எவ்வளவு கண்ணு போட்டிருக்க?" நான் ஒரு கொத்து என்றேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டுத் தூக்கிக் காட்டினார். இரண்டு கை நிறைய வேலம்பாசி, சொட்டச் சொட்ட. தண்ணீரில் பாதிக்கு மேல் பாசிதான். தூக்கின பாசியை அவர் மெல்ல உதறியபோது ஒவ்வொரு இணுக்கிலிருந்தும் குட்டிகள் திரும்பத் தண்ணீரில் விழுந்தன, கடுகு கொட்டினது போல. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அந்தப் பாசிதான் அவர் தொட்டிக்குக் கரை.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பாசி போடுவது. வேலம்பாசி போதும். கடையில் ஹைட்ரில்லா என்று கேளுங்கள். ஜாவா மாஸ், கப்பி கிராஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, இலை நெருக்கம் அதிகம். வேரூன்றி நடத் தேவையில்லை, மேலே மிதக்க விடுங்கள். குட்டி முதலில் போவது மேலேதான். உங்கள் ஒன்றரை அடித் தொட்டியில் மேல்பரப்பில் பாதி மறைய வேண்டும். பாசிக்குள் உங்கள் சுண்டுவிரல் சுலபமாக நுழைந்தால் அது போதாது, இன்னும் போடுங்கள். அடியிலும் ஒரு மூலையில் கோலிக்குண்டு அளவுக் கூழாங்கற்களை நான்கு விரல்கடை உயரத்துக்குக் குவித்து வையுங்கள். கீழே இறங்கும் பலவீனமான குட்டிகள் அந்த இடுக்கில் பிழைக்கும். கோட்டையை எடுத்துவிட்டால் இடமும் கிடைக்கும்.

ஏரியிலிருந்து பாசி கொண்டுவருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் தும்பியின் இளம்பூச்சி ஒட்டிக்கொண்டு வரும். மண் நிறத்தில் அசையாமல் கிடக்கும், பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும், ஒரு ராத்திரியில் பத்துக் குட்டியைத் தீர்த்துவிடும். பழியெல்லாம் தாய் மீன் மேல் விழும். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு இணுக்கு இணுக்காக அலசிப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் லேசான ரோஸ் நிறம் வரும் அளவுக்குக் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் கழுவிப் போடலாம்.

பழி மாறி விழும் இன்னொரு இடம் ஃபில்டர். தண்ணீரை உறிஞ்சும் உள்ஃபில்டர் இருந்தால், முதல் மூன்று நாள் குட்டிகள் அந்த இழுப்பை எதிர்த்து நீந்த முடியாது. உங்கள் ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைப் பிழிந்து பாருங்கள், காணாமல் போன இருபத்தாறில் சில அதற்குள் இருக்கலாம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாற்றுவது நல்லது. உடனே முடியாது என்றால் உறிஞ்சும் வாயில் மெல்லிய நைலான் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை துணியை அலச வேண்டும்.

இனி பிரீடிங் பாக்ஸ். கடைக்காரர்கள் அடுத்துக் காட்டுவது அதைத்தான். மிதக்கும் பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் இடுக்குள்ள தடுப்பு. தாய் மேலே, குட்டி இடுக்கு வழியே கீழே. நான் அதை விரும்புவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. ஒரு மே மாதம், வயிறு பெரிதாகத் தெரிந்த ஒரு பெண் மீனை நாள் கணக்கு சரியாகப் பார்க்காமல் பெட்டிக்குள் விட்டேன். இன்றைக்குப் போடும், நாளைக்குப் போடும் என்று ஐந்து நாள் வைத்திருந்தேன். பெட்டிக்குள் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, வெளியே சேலத்து வெயில். ஐந்தாம் நாள் போட்ட குட்டிகளில் பல, வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியபடி, நிமிராமலே அடியில் கிடந்தன. நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டவை. மறுநாள் தாயும் போய்விட்டது. கை அகலப் பெட்டிக்குள் சினை மீனை நாள் கணக்கில் அடைப்பது அதற்குப் பெரிய வதை. பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வயிறு பெட்டி போலாகி மூலையில் ஒதுங்கி நிற்கும் அந்த நாளில் மட்டும் விடுங்கள், போட்டு முடித்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

அதைவிட எளிய வழி, இன்னொரு பாத்திரம். இருபது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப், அதே தொட்டித் தண்ணீர், இரண்டு கை பாசி. சினை மீனை அதில் விட்டு, குட்டி போட்டதும் தாயைப் பழைய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். குட்டிகளைத் தூக்கி அலைக்கழிக்க வேண்டியதே இல்லை.

தீனிக்குப் பெரிய செலவு வேண்டாம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் குண்டூசித் தலை அளவு எடுத்து, மெல்லிய துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிந்தால் போதும். பெரிய மீனுக்குப் போடும் தீனியை விரலில் மாவாக நசுக்கியும் போடலாம். ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டையைப் பொரிக்கத் தெரிந்தால் வளர்ச்சி இன்னும் வேகமாகும். நாளைக்கு நான்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் துளி அளவு. மஞ்சள் கரு மிஞ்சினால் தண்ணீர் கெட்டு அம்மோனியா ஏறும். தாய்க்குத் தப்பின குட்டிகள் இப்படிச் சாவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரி ராத்திரிகளில் அங்கே அடிக்கும் குளிருக்கு முன்னால் நம் ஊர்க் குளிர் குளிரே இல்லை. கப்பிக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். ஹீட்டர் இல்லாமல் அங்கே குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம், சினைக்காலமும் நீண்டுவிடும். லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கு வைத்து வாங்கலாம். சேலத்தில் ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் சித்திரை வைகாசியில் தொட்டி தகர ஷீட்டுக்குக் கீழேயோ மேற்குச் சுவர் ஓரமோ இருக்கக் கூடாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் காற்று குறையும், ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

மூன்று நான்கு வாரத்தில் குட்டி ஒன்றரை சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தக் கப்பியின் வாயிலும் அது நுழையாது. தங்கமீன், ஏஞ்சல் கூட இருந்தால் அப்போதும் விடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், இது நான் மனதார நினைப்பது. எல்லாக் குட்டியையும் காப்பாற்றிவிட வேண்டும் என்று மகள் ஆசைப்படுவாள். முப்பதையும் காப்பாற்றுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெண் கப்பி ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் விந்தை உடம்பிலேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆணைத் தனியே பிரித்தாலும் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் குட்டி போடும். உங்களிடம் நான்கு பெண் மீன். மூன்றாம் மாதம் இந்த மாதக் குட்டிகளே சினையாகும். ஒன்றரை அடித் தொட்டி அதைத் தாங்காது. பாசி போட்டு, பிழைக்கிறது பிழைக்கட்டும் என்று விட்டால் ஒரு பிரசவத்துக்கு ஐந்தோ பத்தோ தங்கும். வீட்டுத் தொட்டிக்கு அதுவே நல்ல கணக்கு. கூடுதலாக வளர்த்தால், ஒரு மாதம் ஆனதும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி போல நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறி போல இருக்கும்.

மிஞ்சிய மீனை மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ மலை ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல மனசோடுதான் விடுகிறார்கள், தெரியும். ஆனால் ஒரே ஒரு சினை மீன் போதும், அந்த ஓடை முழுக்கப் பரவ. நம் ஓடைகளில் இருக்கும் சின்ன மீன்களின் குஞ்சையும் தவளையின் முட்டையையும் அது சும்மா விடாது. அவற்றுக்குப் போக வேறு ஊர் இல்லை. கடையில் திருப்பிக் கொடுங்கள், மகளின் தோழிகளுக்குக் கொடுங்கள், வேண்டியவர்கள் நிச்சயம் கிடைப்பார்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளதையே சொல்லுங்கள். அந்த மீனுக்கு அது குட்டி என்று தெரியாது, கொசுப்புழு என்று நினைத்துவிட்டது, ஒளிய இடம் வைக்காதது நம் வேலையில் இருந்த குறை, அதை இன்றைக்குச் சரிசெய்யலாம் என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் கையிலேயே பாசியைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் நான்கையும் இன்று ராத்திரி லைட்டை அணைப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். வலையில் பிடிக்க வேண்டாம், துள்ளி அடிபடும். ஒரு டம்ளரைச் சாய்த்து அமிழ்த்தினால் தண்ணீரோடு சேர்ந்து தானாக உள்ளே வரும். டப்பில் விட்டு மேலே ஒரு துணியைக் கட்டுங்கள். நேற்று குட்டி போட்ட மீன் எது என்று தெரிந்தால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இந்த வெயிலுக்கு இருபத்திரண்டாம் நாளிலிருந்தே மறுபடியும் கவனிக்க ஆரம்பிக்கலாம். அதற்குள் பாசி தொட்டியில் நன்றாக அடர்ந்திருக்கும்.